பழைய பக்கத்தைக் கிழிக்க வேண்டாம்



கணக்காளன் ஒருவன் வீடியோ கேம் பற்றிப் பேசலாமா? போன மாதம் இந்த உரை ஒலிபரப்பானதும் ஒரு ஐயா நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, நீர் வருமான வரியைப் பற்றிச் சொல்லுவீர் எண்டெல்லோ ரேடியோவைப் போட்டனான்" என்றார். வரிக்கு ஏப்ரல் மாதம் இருக்கிறது, ஐயா. இந்த உரையை எழுத்தில் தரும்படி நாலைந்து அம்மாமார் கேட்டதால் இங்கே தருகிறேன். கேட்டவர்கள் எல்லோருடைய வீட்டிலும் பேஸ்மென்ரில் ஒரு பிள்ளை இருக்கும் என்பது என் ஊகம்.

2012 ஆம் ஆண்டு நவம்பர் மாதம். பிறம்ரனில் எங்கள் வீடு. மகனுக்கு அப்போது 16 வயது. ஒருநாள் இரவு பேஸ்மென்ரில் இருந்து மேலே ஏறி வந்தான். செத்த வீட்டுக்குப் போய் வந்தவன் போல முகம்.

"அப்பா, கேமை மாத்திப்போட்டாங்கள்."

"மாத்தினால் என்ன? புதுசு நல்லதுதானே."

"ஏழு வருசமா விளையாடினனான். இப்ப அது என்ர கேம் இல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நாங்கள் ஊரையே விட்டிட்டு வந்தனாங்கள். நீ ஒரு கேமுக்கு அழுகிறாய்" என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் திரும்ப இறங்கிப் போனான். அந்த ஒரு வசனத்தால் எத்தனை பிள்ளைகளின் வாயை நாங்கள் அடைத்திருக்கிறோம் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நாங்கள் இழந்தது பெரிது என்பதில் சந்தேகம் இல்லை. அதற்காக அவன் இழந்தது ஒன்றுமில்லை என்று ஆகிவிடுமா?

அந்த விளையாட்டின் பெயர் ரூன்ஸ்கேப். 2001 ஜனவரியில் இங்கிலாந்தில் தொடங்கியது. அன்ட்றூ கௌவர் என்ற இளைஞர் தன் சகோதரர் போலுடன் சேர்ந்து உருவாக்கியது. பின்னர் கேம்பிரிட்ஜில் ஜாகெக்ஸ் என்ற நிறுவனம் அதை நடத்தியது. இணையத்தில் சாதாரண கணினியிலேயே விளையாடலாம். விலை கூடிய பெட்டி ஒன்றும் வாங்கத் தேவையில்லை. எங்களைப் போல வந்த புதிதில் சில்லறை எண்ணிச் செலவு செய்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய வசதி. பிள்ளைகள் அங்கே மீன் பிடிப்பார்கள், மரம் வெட்டுவார்கள், சுரங்கம் தோண்டுவார்கள், பண்டம் மாற்றுவார்கள். ஊரில் நாங்கள் வெளியில் செய்ததை இவர்கள் பனிக்காலத்தில் கணினிக்குள் செய்தார்கள்.

இந்த விளையாட்டுக்கு ஓர் ஆட்சி வரலாறே இருக்கிறது. 2007 டிசம்பரில் நிறுவனம் இரண்டு வழக்கங்களை நிறுத்தியது. ஒன்று, விளையாட்டாளர்கள் தங்களுக்குள் எந்த விலைக்கும் பண்டம் மாற்றும் சுதந்திரம். மற்றது, வனாந்தரம் என்று அழைக்கப்பட்ட பகுதியில் ஆளுக்காள் மோதும் முறை. விளையாட்டுப் பொன்னை உண்மைக் காசுக்கு விற்கும் கூட்டத்தை ஒழிக்கத்தான் இதைச் செய்தார்கள். திருட்டுக் கடனட்டைகள் புழங்கினால் வங்கிகள் பணத்தைத் திருப்பி எடுத்துவிடும். கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் அந்தத் தலையிடி எனக்கு விளங்குகிறது. ஆனால் ஒழுங்காக விளையாடிய பிள்ளைக்கு ஒரு நாள் விடிய தன் சந்தையே இல்லை. பெரிய ஆர்ப்பாட்டம் நடந்தது. மூன்று வருடம் கழித்து நிறுவனம் வாக்கெடுப்பு வைத்தது. 12 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. ஏறக்குறைய 10 இல் 9 பேர் பழைய முறையைக் கேட்டார்கள். 2011 பெப்ரவரியில் அது திரும்பி வந்தது.

பட்டுத் தெளிந்தவர்கள் என்றுதானே நினைப்போம்? 2012 நவம்பர் 20 ஆம் திகதி சண்டை முறை முழுவதையும் மாற்றினார்கள். முன்பு எதிரியை ஒருமுறை அழுத்திவிட்டு நண்பனோடு கதைத்துக்கொண்டிருக்கலாம். இப்போது வரிசையாகப் பொத்தான்களை அழுத்த வேண்டும். பழகின கைகளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் வெளியேறினார்கள். என் மகன் படியேறி வந்தது அப்போதுதான்.

இங்கே மூன்று சொற்களைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அப்டேற் என்பது திருத்தம். வீட்டில் ஒழுகுகிற கூரையை மாற்றுவது போல. றீமாஸ்ரர் என்பது புதுப்பூச்சு. சுவர் அதே சுவர், வெள்ளையடித்துக் கதவுக்கு வார்னிஷ் போடுவது. றீமேக் என்பது மீளாக்கம். வீட்டை இடித்து, பழைய படத்தைப் பார்த்து, அதே காணியில் புதிதாகக் கட்டுவது. மூன்றுக்கும் செலவு வேறு, துணிவு வேறு. ஆனால் மூன்றிலும் விளையாட்டாளர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். பழையதை என்ன செய்தீர்கள்?

கணக்குத் தொழிலில் எங்களுக்கு முதல் வருடமே சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. ஏட்டில் பிழை வந்தால் அழிறப்பரால் அழிக்கக் கூடாது. பக்கத்தைக் கிழிக்கவே கூடாது. பிழையான பதிவு அப்படியே நிற்க, அதைச் சரிசெய்யும் எதிர்ப்பதிவு ஒன்றைத் திகதியோடு எழுத வேண்டும். பிறகு வருகிறவனுக்கு முதலில் என்ன இருந்தது, எப்போது மாறியது, ஏன் மாறியது என்று தெரியவேண்டும். திருத்துவது குற்றம் இல்லை. தடயம் இல்லாமல் திருத்துவதுதான் குற்றம். பிள்ளைகளின் கோபத்தை இந்தப் பாடத்தோடு வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு அது விளங்கியது.

கனடாவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. எட்மன்ரனில் பயோவெயர் என்ற நிறுவனம். 1995 இல் அதைத் தொடங்கியவர்களில் மூவர் மருத்துவம் படித்த டொக்டர்மார். ஆம் அம்மாமாரே, டொக்டருக்குப் படித்துவிட்டு வீடியோ கேம் செய்யப் போனவர்கள். மாரடைப்பு வராமல் மேலே வாசியுங்கள். அவர்களுடைய மாஸ் எபெக்ற் என்ற விண்வெளிக் கதை 2007, 2010, 2012 என்று மூன்று பாகங்களாக வந்தது. முதற் பாகத்தில் நீங்கள் எடுத்த முடிவு மூன்றாம் பாகம் வரை உங்களைத் தொடரும். யாரைக் காப்பாற்றினீர்கள், யாரைக் கைவிட்டீர்கள் என்பதை விளையாட்டு நினைவில் வைத்திருக்கும்.

2012 மார்ச்சில் மூன்றாம் பாகம் வந்தது. ஐந்து வருட முடிவுகளுக்குப் பிறகு கடைசிக் காட்சி ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது. வெளிச்சத்தின் நிறம் மட்டும் சிவப்பு, நீலம், பச்சை என்று மாறியது. விளையாட்டாளர்கள் எப்படிக் கோபத்தைக் காட்டினார்கள் தெரியுமா? சிலர் காசு சேர்த்து ஏறக்குறைய 400 கப்கேக் செய்வித்து எட்மன்ரனுக்கு அனுப்பினார்கள். மேலே சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறம். உள்ளே எல்லாம் ஒரே வனிலா. நிறுவனம் அவற்றை இளைஞர் தங்குமிடம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டது. இன்னும் சிலர் எதிர்ப்பின் பெயரில், ஆஸ்பத்திரியில் இருக்கும் பிள்ளைகளுக்கு உதவும் தர்ம நிதிக்கு 80,000 அமெரிக்க டொலருக்கு மேல் சேர்த்தார்கள். எல்லா எதிர்ப்பும் இப்படிப் பண்பாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நல்லது நடந்ததையும் மறக்கக் கூடாது.

அதே வருடம் ஜூன் 26 ஆம் திகதி, நிறுவனம் நீட்டிய முடிவை இலவசமாக வெளியிட்டது. பழைய முடிவுகளை அவர்கள் தூக்கி எறியவில்லை. விளக்கம் சேர்த்தார்கள், விளைவுகளைக் காட்டினார்கள், மூன்றையும் மறுக்கும் நாலாவது வழி ஒன்றையும் வைத்தார்கள். எல்லோருக்கும் திருப்தி வரவில்லை. ஆனாலும் அது எதிர்ப்பதிவு. பக்கம் கிழிக்கப்படவில்லை.

கிழித்த கதைகளும் உண்டு. 2020 ஜனவரியில் வோர்கிறாவ்ற் 3 என்ற பழைய விளையாட்டின் மீளாக்கம் வந்தது. வாக்களித்த பல அம்சங்கள் அதில் இல்லை. அதோடு பழையதைப் பல வருடங்களுக்கு முன்னரே காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்களின் விளையாட்டும் புதியதாக மாறிவிட்டது. புதியதை வாங்காதவனுக்கும் பழையது இல்லை. கடைசியில் கேட்டவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

2021 நவம்பரில் கிறான்ட் தெஃப்ற் ஓட்டோ என்ற தொடரின் மூன்று பழைய பாகங்களுக்குப் புதுப்பூச்சு வந்தது. வருவதற்கு முன்பே பழைய பதிப்புகளை இணையக் கடைகளில் இருந்து எடுத்துவிட்டார்கள். புதியதில் பிழைகள் மலிந்து கிடந்தன. ஒன்றை மட்டும் சொல்கிறேன். விளையாட்டுக்குள் ஒரு டோநட் கடை. கடையின் பெயரில் நட் என்ற சொல் வரும். அதனால் அதன் அடையாளத்தில் ஆறு மூலை கொண்ட இரும்பு நட் ஒன்றைப் பகிடியாக வைத்திருந்தார்கள். புதுப்பூச்சில் அந்த மூலைகள் மழுங்கி நட் வட்டமாகிவிட்டது. படம் அழகாகத்தான் இருந்தது. பகிடி செத்துப்போனது. எங்கள் பிள்ளைகளின் பெயரைப் பள்ளிக்கூடக் கணினி வெட்டிச் சுருக்கி எழுதும்போது நடப்பதும் இதுதான். கடைசியில் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கணினிக்கான பழைய பதிப்புகளையும் திரும்பக் கொண்டுவந்தது.

சரி, மகனின் விளையாட்டுக்கு என்ன நடந்தது? 2013 பெப்ரவரி. எனக்கு வரிக் காலம் தொடங்கிவிட்டது. சாப்பாட்டு மேசை முழுவதும் மற்றவர்களின் ரீ4 தாள்கள். மகன் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடி வந்தான்.

"அப்பா! அவங்களிட்ட 2007 பாக்கப் ஒண்டு இருக்காம்!"

2007 ஆகஸ்ட் மாதத்துப் பிரதி ஒன்றை நிறுவனம் வைத்திருந்தது. அந்த டிசம்பர் மாற்றத்துக்கு முந்திய உலகம், முழுசாக. அதைத் திரும்பத் திறக்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். அந்த வாக்கெடுப்பின் படிமுறை எனக்கு நன்றாகப் பிடித்தது. 50,000 வாக்குக் கிடைத்தால் திறப்பார்கள், ஆனால் மாதம் 15 டொலர் மேலதிகம். 250,000 என்றால் மேலதிகம் 5 டொலர். 500,000 என்றால் மேலதிகம் இல்லை. 750,000 என்றால் சந்தா இல்லாதவர்களும் விளையாடலாம். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாத வியாபாரத்தை இதைவிட நேர்மையாக விலை போட முடியாது. கடைசியில் விழுந்த வாக்கு 449,351. ஐந்து இலட்சத்துக்குக் குறைவுதான். இருந்தாலும் மேலதிகக் காசு வாங்காமல் திறந்துவிட்டார்கள். பெப்ரவரி 22 ஆம் திகதி பழைய ரூன்ஸ்கேப் உயிர்த்தது. புதியதும் பக்கத்திலேயே நடந்தது.

அதன் பிறகு பழைய உலகத்தில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதென்றால் விளையாட்டாளர்களிடம் வாக்குக் கேட்க வேண்டும் என்று வழக்கம் வைத்தார்கள். 100 க்கு 75 பேர் ஓம் சொல்ல வேண்டும். 2022 இல் அது 70 ஆகக் குறைந்தது. இப்படிக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பழைய உலகம் புதியதைவிடப் பெரிதாகிவிட்டது. 2025 இல் ஒரே நேரத்தில் 2 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். பழையதை விரும்புகிறவர்கள் மாற்றத்தின் எதிரிகள் என்று நினைப்பது பிழை. அவர்களிடம் கேட்டால் மாற்றத்துக்கும் ஓம் சொல்வார்கள்.

பிரதி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2021 மே மாதம் மாஸ் எபெக்ற் மூன்று பாகங்களுக்கும் புதுப்பூச்சுப் பதிப்பு வந்தது. சேர்க்கப்பட்டவை ஏராளம். ஆனால் முதற் பாகத்தின் துணைப் பகுதி ஒன்று, பினக்கிள் ஸ்ரேஷன், அதில் இல்லை. அதன் மூல நிரல் பழுதாகிப் போயிருந்தது. காசும் ஆட்களும் இருந்தார்கள். பிரதி இல்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 1981 இல் எரிந்த நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள். கட்டடத்தைப் பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டினார்கள். மீளாக்கம் என்றால் அதுதான். வேறெங்காவது பிரதி இருந்த புத்தகம் திரும்பி வரலாம். ஒரே பிரதியாக இருந்த ஏட்டுச் சுவடி எங்கிருந்து வரும்?

மகனிடம் திரும்பி வருகிறேன். பாக்கப் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, போகிற போக்கில் அவன் ஒன்று கேட்டான்.

"அப்பா, ரேடியோவில அப்பம்மா கதைச்சவ எல்லோ? அந்தக் கசற் எங்களிட்ட இருக்கோ?"

என் கையில் இருந்த பேனை நின்றுவிட்டது.

அம்மா 1998 இல் எங்களிடம் வந்தவர். 2001 இல் எங்கள் வானொலியில் மூத்தோர் நினைவுகள் பகுதிக்காக ஒரு மணித்தியாலம் பேசினார். ஊர்க் கிணறு, கோயில் மடை, ஒடியற் கூழ் எல்லாம் சொன்னார். 2009 இல் காலமானார். அப்போது நிலையத்தின் பொருளாளர் நான். 2003 இல் காசு முட்டுப்பட்டபோது, ஒலிபரப்பான கசற்றுகளைத் திரும்பப் பாவிக்கலாம் என்று செயற்குழுவில் யோசனை சொன்னவனும் நான். ஆண்டறிக்கையில் 'கசற் மீள்பாவனை, சேமிப்பு 312 டொலர்' என்று என் கையால் எழுதினேன். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது என்று படித்தவன் ஓர் அலுமாரி முழுவதையும் கிழித்தேன். அம்மாவின் குரலும் அதற்குள் இருந்தது என்பது அப்போது எனக்குத் தோன்றவேயில்லை. அம்மா அப்போது உயிரோடு இருந்தார், அதனால் தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். அம்மாவின் பெயர் வெட்டப்பட்டு, மேலே 'பிறந்தநாள் வாழ்த்து' என்று எழுதிய கசற்றைக் கண்டுபிடித்தோம். எழுத்து என்னுடையது. ஒரு பக்கம் முழுக்க வாழ்த்தும் பாட்டும். மறு பக்கத்தில் வாழ்த்து கொஞ்சம் முந்தியே முடிந்துவிட்டது. பிறகு இரைச்சல். இரைச்சலுக்குப் பிறகு அம்மா. நாலு நிமிடம்.

"...மாவைக் கரைச்சு விட்டாப் பிறகு கையெடுக்காமல் துழாவ வேணும். புளி கடைசியிலதான். முந்திப் போட்டியள் எண்டால் மரவள்ளி அவியாது" என்று தொடங்குகிறது. கூழின் பிற்பாதி. என்ன மீன், எவ்வளவு தண்ணீர், எது முதலில் என்பதெல்லாம் வாழ்த்துகளுக்குக் கீழே போய்விட்டது. மகன் அதைக் கணினியில் ஏற்றினான். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

2023 ஜூலை கடைசியில் அதே மகன் ஒரு புது விளையாட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். பெயர் வெண்பா. ரொறன்ரோவில் உள்ள விசை கேம்ஸ் செய்தது. 1980களில் தமிழ்நாட்டில் இருந்து கனடாவுக்கு வந்த ஒரு குடும்பத்தின் கதை. தாயின் சமையற் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் இருக்கிறது. இருக்கிற வரிகளை வைத்து இல்லாத படிமுறையை ஊகித்து இட்லியும் புட்டும் அவிக்க வேண்டும். 2024 இல் பிரித்தானியாவின் பாஃப்ரா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு என்ற பரிசு அதற்குக் கிடைத்தது. நான் என் வாழ்க்கையில் விளையாடி முடித்த ஒரே வீடியோ கேம் அதுதான்.

எங்கள் வீட்டில் நாங்களும் அம்மாவின் நாலு நிமிடத்தை வைத்துக் கூழ் காய்ச்சினோம். முதற் பாதி மனைவியின் ஊகம், பிற்பாதி அம்மாவின் குரல். "மாமியின்ர கூழ் இது இல்லை" என்று மனைவியே சொன்னார். உண்மைதான், இது மீளாக்கம். குடிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எது அம்மாவுடையது, எது எங்களுடையது என்று ஒரு கொப்பியில் பிரித்து எழுதி வைத்திருக்கிறோம். எதிர்ப்பதிவு, திகதியோடு.

நேயர்களே, உங்கள் வீட்டு அலுமாரியில், பயணப் பெட்டியில், கராஜில் பழைய கசற்றுகள் கிடக்கும். கலியாண வீடியோ, ஊரில் இருந்து கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய ஒலிநாடா, எங்கள் நிலையத்தில் பதிவு செய்த பேச்சு, எதுவாக இருந்தாலும் எறிய வேண்டாம். நாடாவுக்கு வயது போகிறது, எங்களைப் போல. சனிக்கிழமை காலைகளில் நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள். நானும் மகனும் இருப்போம். பிரதி எடுத்துவிட்டு உங்கள் கசற்றை உங்களிடமே திருப்பித் தருவோம். இந்த வருடச் செலவுக் கணக்கில் இதற்கென்று ஒரு வரி போட்டிருக்கிறேன். தொகை 312 டொலர்.

அடுத்த மாதம் வருமான வரி. ஐயா, தயவுசெய்து ரேடியோவைப் போட்டு வையுங்கள். வணக்கம்.